ஷட்டவுன் வரும் என்கிறார்கள், அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடலாமா?

கேட்டவர் அமெரிக்காவில், வட கரோலினாவின் ராலேயில் இருக்கிறார். அம்மா அப்பா திருச்சியிலிருந்து நவம்பர் இரண்டாவது வாரம் வருகிறார்கள். செப்டம்பர் 30-க்குள் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், பணம் ஒதுக்காவிட்டால் அக்டோபர் 1 முதல் அரசு முடக்கம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. "ரேட் ஏறிக்கிட்டே இருக்கு. இப்பவே போட்டுடவா, இல்ல இந்தக் கூத்து முடியட்டும்னு பொறுக்கவா? நான் பார்த்து வெச்சிருக்கிறது சென்னை–துபாய்–நியூயார்க். அங்கிருந்து ராலேக்குத் தனியா ஒரு லோக்கல் டிக்கெட். மொத்தத்தில் 150 டாலர் மிச்சம்" என்கிறார்.

போடுங்கள். ஆனால் அந்த ரூட்டில் போடாதீர்கள்.

நியூ ஜெர்சி எடிசனில் டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. 2013 முடக்கம், 35 நாள் நீடித்த 2018-19 முடக்கம், 43 நாள் நீடித்த 2025 முடக்கம் மூன்றையும் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டேன். மூன்றிலும் வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பிளேன் ஓடுமா?" ஓடும். விமான நிலையங்களை யாரும் மூடுவதில்லை. டவரில் இருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கண்ட்ரோலர்கள், செக்யூரிட்டியில் பையைத் திறந்து பார்க்கும் டிஎஸ்ஏ ஆட்கள், பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் இமிக்ரேஷன் அதிகாரிகள் எல்லோரும் உயிர், உடைமைப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை என்ற கணக்கில் கட்டாயம் வேலைக்கு வந்தாக வேண்டியவர்கள். சம்பளம் மட்டும் வராது. முடக்கம் முடிந்ததும் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்று 2019-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். ஆனால் வீட்டு வாடகை அதுவரை பொறுக்காதே.

அதனால் நீங்கள் காலண்டரில் பார்க்க வேண்டியது சம்பள நாளைத்தான். டிவியில் எந்தக் கட்சிக்காரர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு உதவாது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம். 2025-இல் நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் 1-இல் முடக்கம் ஆரம்பித்தது. அக்டோபர் 14-இல் வந்த சம்பளம் அரைகுறை, முடக்கத்துக்கு முந்தைய நாட்களுக்கானது. அக்டோபர் 28-இல் கண்ட்ரோலர்கள் கைக்கு வந்தது பூஜ்யம். 31-ஆம் தேதி நியூயார்க் வட்டாரத்து மையங்களில் வர வேண்டியவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் வரவில்லை என்று விமானப் போக்குவரத்து நிர்வாகமே, அதாவது எஃப்ஏஏவே, சொன்னது. நவம்பர் 5-இல் 40 பெரிய விமான நிலையங்களில் உள்நாட்டு விமானங்களைக் குறைக்கப் போகிறோம் என்று அறிவித்து, 7-ஆம் தேதி 4 சதவீதத்தில் ஆரம்பித்தார்கள். 11-ஆம் தேதி அது 6 ஆனது. 14-இல் 10 ஆகியிருக்கும், அதற்குள் 12-ஆம் தேதி ராத்திரி முடக்கம் முடிந்துவிட்டது.

2018-19-இலும் இதே கதைதான். டிசம்பர் 22-இல் ஆரம்பித்து ஜனவரி 11-இல் முதல் பூஜ்ய சம்பளம். ஜனவரி 25, இரண்டாவது சம்பளமும் வராத அதே வெள்ளிக்கிழமை காலை, வாஷிங்டன், ஜாக்சன்வில் வான்வெளி மையங்களில் சிலர் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள். நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வர வேண்டிய விமானங்களைப் புறப்பட்ட இடத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். நியூவார்க்கிலும் பிலடெல்ஃபியாவிலும் தாமதம். அன்று மத்தியானமே ட்ரம்ப் முடக்கத்தை முடிப்பதாக அறிவித்தார். 35 நாளாக வாஷிங்டனில் அசையாதது ஒரு காலைப்பொழுதில் அசைந்தது. 2013-இல் 16 நாளில் முடிந்துவிட்டதால் பயணிகளுக்கு அப்படி ஒன்று நடந்ததே பெரிதாகத் தெரியவில்லை.

ஆக முதல் மூன்று வாரம் பெரும்பாலும் வழக்கம்போலப் போகும். நான்காவது வாரத்திலிருந்துதான் ஆட்டம் காணும். உங்கள் அம்மா அப்பா வருவது அக்டோபர் 1-இலிருந்து எண்ணினால் ஆறாவது வாரம். முடக்கம் அதுவரை இழுத்தால் நெருக்கடியின் நட்டநடுவில் வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பயணத்தையே தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஊழியர்கள் ஏன் வேலைநிறுத்தம் செய்யாமல் "உடம்பு சரியில்லை" என்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம். 1981-இல் கண்ட்ரோலர்கள் செய்து பார்த்தார்கள். அப்போதைய அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அந்தத் துறையில் அதை இன்றைக்கும் யாரும் மறக்கவில்லை. ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று ஓடுகிற இடம். பத்துப் பேர் லீவு போட்டாலே வரிசை நின்றுவிடும்.

பயம் ஒன்று இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் குறைவாக இருக்கும்போது விமானத்தில் அம்மாவை ஏற்றுவது ஆபத்தில்லையா? ஆள் குறைந்தால் அவர்கள் விமானங்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவார்கள், சிலதைத் தரையிலேயே நிறுத்துவார்கள். 2025 அக்டோபர் 6 மாலை கலிஃபோர்னியாவில் பர்பேங்க் டவரில் சில மணி நேரம் கண்ட்ரோலரே இல்லை. சான் டியேகோவில் இருக்கும் மையம் அந்தப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டது. விமானங்கள் இறங்கின, ஆனால் மணிக்கணக்கில் தாமதமாக. நாம் இழப்பது நேரமும் பணமும்.

இப்போது உங்கள் ரூட்டுக்கு வருகிறேன்.

2025-இல் எஃப்ஏஏ குறைக்கச் சொன்னது உள்நாட்டு விமானங்களை மட்டும். வெளிநாட்டிலிருந்து வருபவற்றின் மேல் அந்த உத்தரவு கைவைக்கவில்லை. விமான நிறுவனங்களும் குறைக்கும்போது பெரிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் நடுவே ஓடுவதை முடிந்தவரை விட்டுவிட்டு, சின்ன விமானங்கள் ஓடும் ரூட்டுகளில்தான் கத்தரி வைத்தன. ராலே அந்த 40 விமான நிலையப் பட்டியலில் இல்லை, உண்மைதான். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ராலேக்கு வரும் விமானம் எங்கிருந்து புறப்படுகிறது? நியூயார்க்கின் ஜேஎஃப்கே, நியூவார்க், சார்லட், அட்லாண்டா, எல்லாமே பட்டியலில் இருந்தவை. அதாவது உங்கள் அம்மா அப்பா பதினான்கு மணி நேரம் பறந்து பத்திரமாக நியூயார்க் வந்துவிடுவார்கள். கடைசி ஒன்றரை மணி நேரப் பயணம்தான் அந்தரத்தில் தொங்கும்.

இது சும்மா சொல்லவில்லை. 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. முடக்கத்திலேயே மிக மோசமான நாள் அது, நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்து. காரைக்குடியிலிருந்து ஒரு தம்பதி, எழுபதைத் தாண்டியவர்கள், ஓஹையோவில் இருக்கும் மகளிடம் போகிறார்கள். துபாய் வழியாக ஜேஎஃப்கேக்கு வரும் டிக்கெட் நான் போட்டது. அங்கிருந்து கொலம்பஸுக்குப் போவதை மருமகன் வேறு கம்பெனியில் மலிவாகத் தானே போட்டுக்கொண்டார். துபாய் விமானம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. இமிக்ரேஷன் முடிந்து, நாலு பெட்டியையும் எடுத்து, டெர்மினல் மாறி, புதிதாகச் செக்-இன் செய்து பெட்டிகளை உள்ளே அனுப்பியும் விட்டார்கள். அதற்கப்புறம்தான் போர்டில் "ரத்து" என்று வந்தது. வீல்சேர் தள்ளி வந்த பையனுக்கு ஷிஃப்ட் முடிந்துவிட்டது, கேட் பக்கத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவர்களிடம் இருந்த இந்திய சிம் இங்கே வேலை செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குஜராத்தி அம்மாள் தன் போனைக் கொடுத்திருக்கிறார், அதில்தான் மகளுக்குத் தகவல் போயிருக்கிறது. மகள் எனக்குப் போன் செய்தாள்.

நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் கேட் நாற்காலியில் உட்கார வைத்தது போலவே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு அவர் மனைவி சொன்னார். எழுந்து போனால் யாராவது வந்து கூப்பிடும்போது இல்லாமல் போய்விடுவோமோ என்ற பயம், அதனால் பாத்ரூமுக்குக்கூடப் போகவில்லை. வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை டப்பா எப்ப வரும் தம்பி?" சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் செக்-இன் பெட்டியில். பெட்டியைத் திரும்ப வாங்க மூன்று மணி நேரம் ஆனது. அடுத்த சீட் செவ்வாய்க்கிழமைதான் என்றார்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் ரவை உப்புமா சாப்பிட்டுப் படுத்தார்கள். மருமகன் ராத்திரி முழுக்க ஓட்டி வந்து மறுநாள் அழைத்துப் போனார். லோக்கல் டிக்கெட் பணம் முழுசாகத் திரும்ப வந்துவிட்டது. அதைத்தவிர யாரும் எதற்கும் ஒரு காசு தரவில்லை.

அதனால் என் ஆலோசனை ஒன்றே ஒன்று: அமெரிக்காவுக்குள் விமானம் மாறாதபடி போடுங்கள். மாறுவதை எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே முடித்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்திலிருந்து கடைசிப் பகுதி உங்கள் காராக இருக்கட்டும்.

ராலேக்கு இது முடியும். சென்னை–லண்டன் பிரிட்டிஷ் ஏர்வேஸ், லண்டன்–ராலே அமெரிக்கன் ஏர்லைன்ஸ், இரண்டும் ஒரே டிக்கெட்டில் வரும். சென்னை–பிராங்க்பர்ட்–ராலே லுஃப்தான்சாவிலும் பாருங்கள். அது தினமும் இல்லை, தேதி ஒத்துவர வேண்டும். வளைகுடா வழிதான் அம்மாவுக்குப் பழக்கம், சாப்பாடும் ஒத்துக்கொள்ளும் என்றால், எமிரேட்சோ கத்தாரோ வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்தில் இறக்கும். அங்கிருந்து ராலே நாலரை மணி நேர ஓட்டம். ஒரு சனிக்கிழமை போகும், அவ்வளவுதான். எதுவானாலும் ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும். சென்னையில் பெட்டிக்கு டேக் போடும்போது கடைசி ஊர் பெயர் அதில் இருக்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். 150 டாலர் மிச்சம் என்றீர்களே, அதை மறந்துவிடுங்கள்.

அடுத்து, இப்போதே போடுவதா பொறுப்பதா. பொறுத்து என்ன ஆகப்போகிறது? 2025 நவம்பரில் கையெழுத்தான சட்டம் பெரும்பாலான துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரைதான் பணம் கொடுத்தது. ஒன்று முடிந்தால் அடுத்த கெடு வந்து நிற்கும். "முடியட்டும்" என்று காத்திருந்தால் பேரனுக்குக் காதுகுத்து ஆகிவிடும்.

அதோடு, போட்ட பணம் சட்டப்படி ஓரளவு பத்திரம்தான். அமெரிக்காவுக்கு வரும், அமெரிக்காவிலிருந்து போகும், உள்ளே ஓடும் எந்த விமானத்தையும் நிறுவனமே ரத்து செய்து, அவர்கள் தரும் மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்காவிட்டால், ரீஃபண்ட் கிடைக்காத டிக்கெட்டாக இருந்தாலும் பணத்தைப் பணமாகவே திருப்பித் தர வேண்டும். உள்நாட்டில் 3 மணி நேரத்துக்கு மேல், வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரத்துக்கு மேல் நேரம் மாறினாலும் அப்படியே. 2024 அக்டோபர் 28 முதல் இது நடைமுறை. கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாளுக்குள் வந்துவிட வேண்டும். ஹோட்டல், சாப்பாடு, கார் வாடகை இதில் வராது.

இதில் நம் ஆட்கள் விழும் குழி ஒன்று உண்டு. செய்தியைப் பார்த்துப் பதறி, நிறுவனம் ரத்து செய்வதற்கு முன்னால் தாங்களே ரத்து செய்துவிடுவார்கள். அப்போது அந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை. உங்கள் டிக்கெட்டின் விதி என்னவோ அதுதான், பெரும்பாலும் அடுத்த பயணத்துக்கான கிரெடிட். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அவர்களாக ரத்து செய்யட்டும், இல்லையென்றால் சலுகை அறிவிக்கட்டும். 2025 நவம்பரில் யுனைட்டெட் விமான நிறுவனம், விமானம் ரத்தாகாதவர்கள் போக விரும்பவில்லை என்றாலும் பணம் தருவதாக அறிவித்தது. முந்தின வாரமே அவசரப்பட்டு ரத்து செய்த என் வாடிக்கையாளர் இருவருக்குக் கிரெடிட்தான் மிஞ்சியது.

என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரி நேரத்தில் ஏஜென்சியில் போடாதீர்கள், விமான நிறுவனத்தின் தளத்திலேயே நேராகப் போடுங்கள். ரத்து என்று வந்தால் அவர்கள் ஆப்பிலேயே வேறு விமானத்துக்கு மாறிக்கொள்ளலாம். எங்கள் மூலம் போட்டால் "உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள்" என்பார்கள், நான் அதே நேரத்தில் இன்னும் நாற்பது குடும்பத்தோடு பேசிக்கொண்டிருப்பேன். நேராகப் போட்டால் இன்னொரு வசதியும் உண்டு: பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருந்தால், போட்ட 24 மணி நேரத்துக்குள் மனம் மாறினால் முழுப்பணமும் திரும்ப வரும்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து கேட்பீர்கள். அம்மா அப்பாவுக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. பயணம் ரத்தானால் அது உதவாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் பாதிப் பேர். பயணத்துக்கான இன்சூரன்ஸிலும் முடக்கம் என்பது பல பாலிசிகளில் காரணமாகவே வராது. செய்தியில் அடிபட ஆரம்பித்த பிறகு வாங்கினால் "தெரிந்தே வாங்கினீர்கள்" என்று கையை விரிப்பார்கள். எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்கிற வகை ஒன்று உண்டு. விலை அதிகம், முதல் பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுக்க வேண்டும், தருவதும் பாதியிலிருந்து முக்கால் பங்குதான். உங்கள் டிக்கெட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கணக்கு.

முடக்கம் ஆரம்பித்துவிட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: எந்தத் துறைக்குப் பணம் நின்றிருக்கிறது என்று. எல்லா முடக்கமும் முழு முடக்கம் இல்லை. 2018-19-இல் பாதுகாப்புத் துறைக்கெல்லாம் முன்பே பணம் ஒதுக்கியாகிவிட்டது, போக்குவரத்துத் துறைக்கு ஒதுக்கவில்லை. கண்ட்ரோலர்கள் போக்குவரத்துத் துறையின் கீழ் வருபவர்கள். டிஎஸ்ஏவும் இமிக்ரேஷனும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. போக்குவரத்துக்கு நின்றால் விமானம் தாமதம். உள்நாட்டுப் பாதுகாப்புக்கு மட்டும் நின்றால் செக்யூரிட்டி வரிசை நீளும். 2019 ஜனவரியில் டிஎஸ்ஏவில் ஒரு நாள் பத்தில் ஒருவர் வரவில்லை, ஹூஸ்டனில் ஒரு டெர்மினலின் சோதனை வாசலையே மூடி வைத்தார்கள். வந்து இறங்குபவர்களுக்கு அந்த வரிசை இல்லை. நீங்கள் அவர்களோடு இங்கே எங்காவது பறந்து போவதானால்தான் கவலை, அப்போது காலையில் கிளம்பும் முதல் விமானத்தைப் பிடியுங்கள். தாமதம் சாயங்காலம் ஆக ஆகக் குவியும்.

அவர்களுக்கு விசா இருக்கிறதல்லவா? இல்லையென்றாலும் பதற வேண்டாம், தூதரக விசா வேலை நாம் கட்டும் கட்டணத்தில் ஓடுவது, முடக்கத்திலும் பெரும்பாலும் நடக்கும். வாஷிங்டன் சுற்றிக்காட்டும் திட்டம் இருந்தால் மட்டும் மாற்று யோசியுங்கள். 2025-இல் அக்டோபர் 12 முதல் ஸ்மித்சோனியன் மியூசியங்கள் எல்லாமே பூட்டு.

திரும்பிப் போகும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். முடக்கம் முடிந்த மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2025-இல் 12-ஆம் தேதி ராத்திரி முடிந்தது, விமானக் குறைப்பை முழுசாக நீக்கியது 17-ஆம் தேதி காலையில்தான்.

அப்புறம், மாத்திரை. ஒரு வாரத்துக்கானது அப்பாவின் சட்டைப்பையிலோ அம்மாவின் கைப்பையிலோ இருக்கட்டும், டாக்டர் சீட்டோடு. உங்கள் போன் நம்பரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். சிம் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.